கிளினிக் கொப்பியோடு வரும் மகள்மாருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான மகள்மாரே,

இந்த மடலை வைத்தியர்களுக்கு எழுதியிருக்கலாம். கொழும்பில் இருக்கும் அமைச்சுக்கும் எழுதியிருக்கலாம். அவர்களிடம் கேட்கவும் சங்கதி உண்டு. ஆனாலும் உங்களுக்கே எழுதுகிறேன். மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் வீடு மகளுக்கு என்பதுதான் வழக்கம். தமிழ் ஊரானாலும் முஸ்லிம் ஊரானாலும் இதில் மாற்றமில்லை. வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்த தாயும் தகப்பனும் வயதுபோன காலத்தில் அதே வளவிலோ அடுத்த வளவிலோ இருக்கிறார்கள். அவர்களுடைய பிரஷரும் சீனியும் முட்டும் நெஞ்சு நோவும் வீட்டோடு சேர்ந்து உங்கள் கைக்கு வந்துவிடுகின்றன. கிளினிக் நாளில் விடிய எழும்பி நம்பர் எடுப்பதும் கொப்பியை நீட்டுவதும் மருந்து கொடுக்கும் யன்னலில் பையை விரித்துப் பிடிப்பதும் நீங்கள்தான். அந்த யன்னலுக்கு உள்ளே நின்று பல வருடம் குளிசை எண்ணிக் கொடுத்தவன் நான்.

உள்ளே நிற்பவனுக்குத் தெரிவது அன்றைக்கு எழுதப்பட்ட பக்கம் மட்டும். இதயக் கிளினிக்கில் இருப்பவருக்கு இதயக் கொப்பி தெரியும். முட்டுக்குப் பார்ப்பவருக்கு முட்டுக் கொப்பி தெரியும். களுவாஞ்சிக்குடியிலோ வாழைச்சேனையிலோ மாதாமாதம் எடுக்கும் மருந்து ஒரு கொப்பியில், போதனா வைத்தியசாலையில் எழுதிய மருந்து இன்னொன்றில், பின்னேரம் காசு கொடுத்துக் காட்டிய இடத்துத் துண்டு தனியே. சந்திப் பாமசியில் சொல்லி வாங்கிய நோக் குளிசை எந்தக் கொப்பியிலும் இல்லை. கனடாவில் இருந்து தம்பி அனுப்பிய போத்தலும், பரியாரியார் கொடுத்த குடிநீரும் அப்படித்தான். இவை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும் இடம் உங்கள் வீட்டு அலுமாரித் தட்டு. அதை முழுதாகக் காண்பவர் நீங்கள் ஒருவர்தான்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. வாய்க்குள் போகும் எல்லாமே ஒரே கொப்பியில் இருக்க வேண்டும். அந்தப் பையை மொத்தமாக ஒரு வைத்தியர் முன்னாலோ மருந்தாளர் முன்னாலோ கொட்டிக் காட்ட வேண்டும். கிளினிக் எத்தனை இருந்தாலும் குளிசைகள் போய்ச் சேர்வது ஒரே இரத்தத்தில். அவற்றில் பெரும்பாலானவற்றைக் கழித்து வெளியேற்றுவது ஈரலும் சிறுநீரகமும். இதயத்துக்குக் கொடுத்தது நெஞ்சை அடைக்கும், முட்டுக்குக் கொடுத்தது வலிப்பைக் கிளப்பும், முழங்காலுக்குக் கொடுத்தது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. எது எதோடு முட்டும் என்று தெரிந்தால், யன்னலில் நின்று நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி பல வில்லங்கங்களைத் தவிர்க்கும்.

முதலில் பிரஷர். "இன்றைக்குத் தலை சுற்றவில்லை, குளிசை எதற்கு" என்று அம்மா கேட்பார். பிரஷர் பெரும்பாலும் சத்தம் போடாத நோய். 140க்கு 90 என்ற அளவுக்கு மேலே வருடக்கணக்கில் நின்றாலும் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வரும்போது அது பாரிசவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகப் பழுதாகவோ வந்து நிற்கும். ஆகவே தலைச்சுற்றலைக் கேட்டுக் குளிசை கொடுப்பதோ நிறுத்துவதோ சரிவராது. மெசினில் அளந்து, அளவை எழுதி வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

உங்கள் பையில் அம்லோடிபின் இருக்கலாம். அது இரத்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்தி விரிக்கும். சிலருக்கு அதனாலேயே கணுக்கால் வீங்கும். வீக்கத்தைக் கண்ட வீட்டார் கிட்னி பழுது என்று பதறி வேறு இடத்தில் காட்ட, அம்லோடிபின் எடுப்பது தெரியாத அங்கே நீர்க்குளிசை எழுதப்படும். அம்லோடிபின் தந்த வீக்கம் நீர்க்குளிசைக்கு அவ்வளவாக அடங்காது. உப்புச்சத்து மட்டும் குறையும், களைப்பு வரும், களைப்புக்கு விட்டமின் வாங்கப்படும். ஒரு குளிசையின் பக்க விளைவுக்கு இன்னும் இரண்டு குளிசை.

எனலப்ரில் எடுப்பவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். சளி இராது, காய்ச்சல் இராது, தொண்டையில் ஓர் அரிப்பு மட்டும் விடாமல் நிற்கும். அதற்கு இருமல் பாணி ஒரு போத்தல், கிருமிக்கொல்லி ஒரு கிழமை, கடைசியில் எக்ஸ்ரே என்று அலைந்தவர்கள் எத்தனையோ பேர். "இந்த இருமல் பிரஷர் குளிசையால் வருமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் வைத்தியர் அதை லொசாட்டானுக்கு மாற்றுவார். இருமல் சில நாளிலோ சில கிழமையிலோ அடங்கும்.

எனலப்ரிலுக்கு ஒரு கதை இருக்கிறது. படுவான்கரை வேளாண்மைக்காரருக்குப் புடையன் என்றால் குலை நடுங்கும். கடித்தால் இரத்தம் உறையாது, சிறுநீரகமும் செயலிழக்கலாம். பிரேசிலில் அதே விரியன் குடும்பத்தைச் சேர்ந்த யரராக்கா என்றொரு பாம்பு உண்டு. 1960களில் சேர்ஜியோ பெரைரா என்ற ஆராய்ச்சியாளர் அதன் நஞ்சில் இரத்த அழுத்தத்தை விழுத்தும் பொருளைக் கண்டார். அந்த வழியில் போனவர்கள் 1970களில் கப்டோபிரிலைச் செய்தார்கள். அது 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனலப்ரில் அதன் வழி வந்தது. எனலப்ரில் மறிக்கும் அதே சுரப்பு வழியை வேறோர் இடத்தில் மறிப்பது லொசாட்டான். இவை பிரஷரைக் குறைப்பதோடு, சீனி வருத்தக்காரரின் சிறுநீரில் புரதம் ஒழுகுவதையும் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கின்றன. பாம்பு நஞ்சிலிருந்து பிறந்த குளிசை சிறுநீரகத்துக்குக் காவல் நிற்கிறது. ஆனால் அந்தக் காவலைக் கெடுக்கும் வேலையை நாங்கள் பாமசியில் காசு கொடுத்துச் செய்கிறோம். அதுதான் அடுத்த விசயம்.

நோக் குளிசை. டைக்ளோபெனக், இப்யூபுரோபன், மெபெனமிக் அசிட். வயலில் குனிந்து, வாவியில் வலை இழுத்து, பாய் இழைத்துத் தேய்ந்த முழங்காலுக்கு இவை உடனே சுகம் தரும். அதனால்தான் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. சிறுநீரகத்துக்கு நடப்பதை எங்கள் பக்கத்து வாய்க்காலை வைத்துச் சொல்கிறேன். உன்னிச்சைக் குளத்து நீர் ஒரு வயலுக்கு வர, மேலே ஒரு துருசு, வயலின் கடைசியில் ஒரு வடிகால். வயலில் தண்ணீர் தேங்கி நின்றால்தான் பயிர் பிழைக்கும். நோக் குளிசை மேலே உள்ள துருசை இறுக்குகிறது. எனலப்ரிலும் லொசாட்டானும் கீழே உள்ள வடிகாலைத் திறக்கின்றன. நீர்க்குளிசை குளத்து நீரையே குறைக்கிறது. ஒவ்வொன்றையும் தனியே சிறுநீரகம் தாங்கும். மூன்றும் ஒரே நேரத்தில் விழுந்தால் சில நாளில் கிரியாட்டினின் ஏறிவிடும். அதிலும் வயிற்றோட்டம், வாந்தி, பங்குனி சித்திரை வெயிலில் வேலை என்று உடம்பில் நீரும் குறைந்திருந்தால் சொல்லத் தேவையில்லை.

ஆகவே இரண்டு வேலை செய்யுங்கள். பிரஷர், இதய நோய், சிறுநீரக நோய் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் அம்மாவுக்கு டைக்ளோபெனக் கேட்டு வாங்காதீர்கள். நோவுக்குப் பரசிட்டமோல் அளவோடு கொடுக்கலாம். ஈரல் பழுது இருந்தால் பரசிட்டமோலின் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் அடங்காத நோவென்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள். இரண்டாவது, அடுத்த கிளினிக்கில் இப்படிக் கேளுங்கள்: "வயிற்றோட்டமோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாமல் போனால் எந்தக் குளிசையை எத்தனை நாளைக்கு நிறுத்திவைக்க வேண்டும்?" நீர்க்குளிசை, எனலப்ரில், லொசாட்டான், சீனிக்குக் கொடுக்கும் மெட்போமின் ஆகியவற்றை அப்படியான நாள்களில் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லும் வைத்தியர்கள் உண்டு. ஆளுக்கு ஆள் அது வேறுபடும். பதிலைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். நோய் வந்த இரவில் யாரையும் தேடி ஓடத் தேவையிராது.

பொலன்னறுவை, அநுராதபுரம் பக்கத்தில் 1990களில் இருந்து பேசப்படும் காரணம் தெரியாத சிறுநீரக நோயைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பெரிய துயரம். ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் காரணங்களில் உலகெங்கும் முதலில் நிற்கும் இரண்டு சீனியும் பிரஷரும். இரண்டும் எங்கள் வீடுகளில் தாராளமாக இருக்கின்றன. சிறுநீரகம் பெருமளவு பழுதாகும் வரை நோவு தராது. கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் புரதப் பரிசோதனையும்தான் முன்கூட்டிக் காட்டும். கடைசியாக எப்போது பார்த்தார்கள், எவ்வளவு வந்தது என்று கொப்பியில் தேடிப் பாருங்கள். இல்லை என்றால் கேளுங்கள். அந்த எண் தெரியாமல் மெட்போமினின் அளவையோ பல கிருமிக்கொல்லிகளின் அளவையோ சரியாகத் தீர்மானிக்க முடியாது.

சிறுநீரகம் தளர்ந்தவருக்குச் சாப்பாடும் மருந்தின் வேலையைக் கெடுக்கும். கருவாட்டின் உப்பு பிரஷர் குளிசையைத் தோற்கடிக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராமுக்குக் குறைந்த உப்பு. ஒரு துண்டுக் கட்டாக் கருவாடு அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய. எனலப்ரில், லொசாட்டான், ஸ்பைரொனோலக்டோன் எடுத்துக்கொண்டு சிறுநீரகமும் தளர்ந்திருப்பவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடம் மாறும். உப்புக்குப் பதில் என்று வெளிநாட்டில் இருந்து வரும் பக்கெட்டிலும் பொட்டாசியம்தான் இருக்கும். காமரங்காயைச் சிறுநீரக நோயாளி தொடவே கூடாது. அதில் இருக்கும் நஞ்சைப் பழுதான சிறுநீரகம் கழிக்காது. விடாத விக்கலில் தொடங்கி, மயக்கம், வலிப்பு என்று போய் உயிரையே எடுக்கும். சீனிக்கு நல்லது என்று காமரங்காய்ச் சாறு பிழிந்து கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

பரியாரியாரின் மருந்தை நான் பழிக்க வரவில்லை. அதையும் கொப்பியில் எழுதுங்கள் என்கிறேன். மூலிகை என்பதால் சிறுநீரகம் அதை மன்னித்துவிடாது. ஆடுதின்னாப்பாளைக் குடும்பச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தை அரிக்கும் என்பது, பெல்ஜியத்தில் உடம்பு மெலிய மூலிகைக் குளிசை எடுத்த பெண்கள் பலர் சிறுநீரகம் இழந்தபின் 1993இல் வெளிவந்தது. குடிநீரில் என்னென்ன சேர்கிறது என்று கேட்டு எழுதி வைப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இனி முட்டு. அடுப்படிப் புகையில் நாற்பது ஐம்பது வருடம் இருந்த அம்மாமாரின் நெஞ்சையும், பீடி சிகரட் இழுத்த அப்பாமாரின் நெஞ்சையும் நான் சொல்லத் தேவையில்லை. இந்த நோய்க்கு நல்ல மருந்து பம்பில்தான் இருக்கிறது. அதைத்தான் எங்கள் ஆட்கள் கடைசி மருந்து என்று பயப்படுகிறார்கள். "பம் பாவித்தால் பழகிப்போகும்." இந்தப் பேச்சைக் கேட்காத நாளில்லை. உண்மை நேர்மாறு. சல்பியூட்டமோல் குளிசையாகப் போனால் உடம்பு முழுதும் சுற்றி, கை நடுங்க, நெஞ்சு படபடக்க, கொஞ்சம்தான் சுவாசக் குழாய்க்குப் போய்ச் சேரும். பம்பில் அதன் சிறு பங்கு மருந்து நேரே போய் நிமிடத்தில் வேலை செய்யும்.

பம்பில் பெரும்பாலும் இரண்டு நிறம். நீலம் சல்பியூட்டமோல், இழுப்பு வந்த நேரம் குழாயை விரிப்பது. மண்ணிறம் பெக்லோமெதசோன், குழாயின் உள்வீக்கத்தைத் தினமும் ஆற்றுவது. நீலம் உடனே சுகம் தருவதால் அதை வைத்துக்கொண்டு மண்ணிறத்தை அலுமாரியில் போட்டுவிடுகிறார்கள். உள்வீக்கம் ஆறாமல் நீலத்தை மட்டும் இழுத்துக்கொண்டிருப்பவர்தான் ஒரு நாள் இரவில் நீலத்துக்கும் அடங்காத இழுப்போடு வருகிறார். பெரியவர்களின் ஆஸ்துமாவை நீலத்தால் மட்டும் வைத்தியம் பண்ணக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டிகள் 2019 முதல் வெளிப்படையாகச் சொல்கின்றன. உங்கள் வீட்டில் நீலப் பம் எத்தனை நாளில் முடிகிறது என்று பாருங்கள். அடிக்கடி முடிந்தால் நோய் அடங்கவில்லை என்று பொருள். மண்ணிறம் இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாய்க்குள் வெள்ளை படரும். வயதான கைக்கு அமத்தவும் இழுக்கவும் ஒன்றாக வராது. ஸ்பேசர் என்ற குழாயை வைத்துப் பாவிக்கலாம். எப்படிப் பாவிக்கிறார் என்று கிளினிக்கில் செய்து காட்டச் சொல்லுங்கள். பலர் மருந்தைத் தொண்டையில் மட்டும் அடித்துவிட்டு மருந்து பலனில்லை என்கிறார்கள்.

இங்கேதான் இதயமும் நெஞ்சும் முட்டுகின்றன. படபடப்புக்கும் கை நடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் புரொப்ரனோலோல் என்றொரு குளிசை எழுதுவார்கள். நல்ல மருந்து. அதன் குடும்பத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அது சல்பியூட்டமோல் எந்தக் கதவைத் திறக்கிறதோ அதே கதவைப் பூட்டுகிறது. ஆஸ்துமாக்காரருக்குக் கொடுத்தால் உயிராபத்தான இழுப்பு வரலாம். தலைவலிக்குக் காட்டப் போன இடத்தில் முட்டு உண்டு என்று யாரும் சொல்லாவிட்டால் எழுதியவருக்கு எப்படித் தெரியும்? அஸ்பிரினும் நோக் குளிசையும்கூடச் சில ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பைக் கொண்டுவரும். இதய நோய்க்கு பிசோபுரோலோல் போன்ற இதயத்தை மட்டும் குறிவைக்கும் வகைகள் உண்டு. கொடுக்கலாமா என்று நோயைப் பார்த்து வைத்தியர் தீர்மானிப்பார். தீர்மானிக்க அவருக்கு முட்டின் கதை தெரிய வேண்டும்.

தியோபிலின் குளிசை எடுப்பவருக்கு இன்னொரு எச்சரிக்கை. சலக்கடுப்புக்கோ வயிற்றோட்டத்துக்கோ சிப்ரோபுளொக்சசின் என்ற கிருமிக்கொல்லியைப் பாமசியில் வாங்கிக் கொடுத்தால், ஈரல் தியோபிலினைக் கழிப்பது மந்தமாகி இரத்தத்தில் அது ஏறும். வாந்தி, படபடப்பு, கடைசியில் வலிப்பு. நெஞ்சு மருந்தும் சலக்கடுப்பு மருந்தும் சேர்ந்து மூளையைத் தாக்கும்.

வலிப்பைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேசவேண்டும், ஏனென்றால் இதில் குளிசையைவிட வெட்கம்தான் பெரிய தடை. மருந்தை ஒழுங்காக எடுத்தால் வலிப்புக்காரரில் 100க்கு 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மருந்து ஒன்றும் புதுமையானதல்ல. பெனிட்டோயின் 1938இல் இருந்து இருக்கிறது. காபமசெபினும் வல்புரோவேற்றும் எங்கள் ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும் மருந்துகள்தான். ஆனால் பெண்பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும் வீட்டில் முதலில் ஒளிக்கப்படுவது குளிசை. கலியாண வீட்டுக் கிழமையில் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் முன்பு இருந்ததைவிட மோசமாக, நிற்காமல் தொடரும் வலிப்பு வரலாம். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா இல்லையா என்பது உங்கள் குடும்ப விசயம். குளிசையை நிறுத்துவது அப்படியல்ல.

மகள்மாரே, இது உங்கள் மகள்மாருக்கும் உங்களுக்கும். சோடியம் வல்புரோவேற் எடுத்துக்கொண்டு கருத்தரித்தால் பிறக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ 10இல் ஒன்றுக்கு உறுப்புக் குறைபாடு வரலாம். 100இல் 30 முதல் 40 பிள்ளைகளுக்குப் பேச்சும் படிப்பும் பின்தங்கலாம். அதற்காகக் குளிசையைத் தூக்கி எறியாதீர்கள். பிள்ளை தங்கும் முன்னமே வைத்தியரிடம் சொன்னால், ஆபத்துக் குறைந்த மருந்துக்கு மெல்ல மாற்றலாம், போலிக் அசிட்டும் தொடங்கலாம். காபமசெபினும் பெனிட்டோயினும் எடுப்பவருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை சரியாக வேலை செய்யாது. மருத்துவமாதுவிடம் வலிப்பு மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலிப்பு வருத்தம் உள்ளவர் தனியே தோணியில் போகக் கூடாது, தனியே வாவியில் குளிக்கவும் கூடாது. வலிப்பு வந்தவரின் கையில் இரும்பையோ சாவியையோ திணிக்காதீர்கள், வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடம் தாண்டினால் 1990க்கு அழையுங்கள்.

மாரடைப்பு வந்து தப்பியவரின் பையில் அஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோவாஸ்டடின், துடிப்பைக் குறைக்கும் ஒரு குளிசை என்று நாலைந்து இருக்கும். இப்போது நெஞ்சு நோவு இல்லை என்பதால் ஒன்றொன்றாக விடுவார்கள். நோவுக்கான மருந்தல்ல அவை. அடுத்த அடைப்பு வராமல் தடுப்பவை. நாக்குக்குக் கீழ் வைக்கும் குளிசையை அதன் கறுத்தப் போத்தலிலேயே வைத்திருங்கள், பேப்பர் உறைக்கு மாற்றினால் வீரியம் போய்விடும். இருந்துகொண்டு வைக்க வேண்டும், நின்றால் மயங்கி விழலாம். சொல்லக் கூச்சமான இன்னொன்று: ஆண்கள் யாருக்கும் சொல்லாமல் வாங்கும் சில்டெனபில் குளிசை, நாக்குக்குக் கீழ் வைக்கும் இந்த நைட்ரேட் மருந்தோடு சேர்ந்தால் பிரஷர் ஒரேயடியாக விழுந்து உயிர் போகலாம். அப்பாவிடம் நீங்கள் கேட்க முடியாது. உங்கள் புருசன் கேட்கட்டும், தம்பி கேட்கட்டும்.

முகம் ஒரு பக்கம் கோணினால், கை ஒன்று தூக்க முடியாமல் போனால், பேச்சுக் குழறினால் அது பாரிசவாதம். கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாக இருந்தார் என்பதை எழுதிக்கொண்டு உடனே புறப்படுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணித்தியாலம்தான் இருக்கிறது. அதற்குள் ஸ்கேன் எடுத்து அடைப்பா இரத்தக்கசிவா என்றும் பார்க்க வேண்டும். கசிவாக இருக்கலாம் என்பதால் வீட்டில் அஸ்பிரின் கொடுக்காதீர்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் வாவியைக் கடப்பது சுலபமானது. உள்ளே கிடக்கும் ஊர்களுக்கு வழி இன்னும் நீளம்தான். விடியட்டும், முதல் பாதைப் படகில் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

இனிப் பெயர் குழப்பம். சேனக பிபிலே என்ற மருந்தியல் பேராசிரியரின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. கம்பனிப் பெயருக்குக் காசு கொடுக்காமல் மருந்தின் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கினால் ஏழை நாடும் மருந்து கொடுக்கலாம் என்று அவர் காட்டினார். 1977இல் கயானாவில் இறந்தார். நீங்கள் யன்னலில் காசில்லாமல் வாங்கும் குளிசைக்குப் பின்னால் அந்த மனிதர் இருக்கிறார். 2022 நெருக்கடியில் மருந்து முட்டுப்பட்டபோது வெளியே வாங்கப் போனீர்கள். ஒரே லொசாட்டான் நாலைந்து கம்பனிப் பெயரில், வேறு வேறு நிறத்தில் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடைத்ததையும் வெளியே வாங்கியதையும் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுத்த வீடுகள் உண்டு. கம்பனிப் பெயரை விடுங்கள். பொதுப்பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை. இந்த மூன்றையும் உறையில் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்து கூடினால் நோய் கூடிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். இலங்கையின் 11 ஆஸ்பத்திரிகளில் 700 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளிவந்த ஆய்வில், மூன்று பிரஷர் மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தவர்களில் 100க்கு 70 பேர் ஆறு மாதத்தில் இலக்கை எட்டினார்கள். வழமை வைத்தியத்தில் 55 பேர். இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் மூன்று நாட்டிலும் 30 கிராமப் பகுதிகளில் 2645 பேரைப் பின்தொடர்ந்து 2020இல் வெளிவந்த இன்னோர் ஆய்வைப் பாருங்கள். ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து அளந்து, ஆலோசனை சொல்லி, வேண்டியவரை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் அந்த ஊர்களில் மேல் பிரஷர் மற்ற ஊர்களைவிடச் சராசரி 5 அளவு கூடுதலாகக் குறைந்தது. அங்கே புதிய மருந்து எதுவும் வரவில்லை. இருந்த மருந்தை வீட்டு வாசலில் நின்று கவனிக்க ஆள் வந்தது. எங்கள் ஊரில் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்பவர்கள் நீங்கள். அதை அறிந்துதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அடுத்த கிளினிக்குக்கு முன் ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். அலுமாரித் தட்டு, தலையணைக்குக் கீழ், அப்பாவின் சேட்டுப் பை, குளிர்சாதனப் பெட்டிக் கதவு எல்லாவற்றிலும் உள்ளதை ஒரு பையில் அள்ளுங்கள். கொப்பியின் பின் அட்டையில் ஒவ்வொன்றின் பொதுப்பெயர், அளவு, எதற்கு, யார் எழுதியது என்று எழுதுங்கள். குடிநீரும் விட்டமினும் நோக் குளிசையும் அதில் வரட்டும். ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் சிவப்பில் எழுதுங்கள். கடைசிக் கிரியாட்டினின் எண்ணையும் முட்டு, வலிப்பு உண்டா என்பதையும் மேலே எழுதுங்கள். பிறகு வைத்தியரிடம் கேளுங்கள்: "இதில் எது தேவையில்லை?" எது சேர்க்க வேண்டும் என்று மட்டுமே கேட்டுப் பழகிவிட்டோம்.

வரிசை நீளமாக இருக்கும், வைத்தியர் அவசரப்படுவார், பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். தெரியும். அங்கே கேட்க முடியாமல் போனால் மருந்து கொடுக்கும் யன்னலில் கேளுங்கள். கூட்டம் குறைந்தபின் வந்து கேளுங்கள். நாங்கள் எரிந்து விழுந்தாலும் கேளுங்கள். அது எங்கள் வேலை. சம்பளம் அதற்குத்தான். இலவச வைத்தியத்தில் மருந்து மட்டும் இலவசம் என்று இல்லை, விளக்கமும் இலவசம். அதைக் கேட்டு வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

மகன்மாருக்கு ஒரு வார்த்தை. ரொறன்ரோவில், சூரிச்சில், லண்டனில் இருந்து போத்தல் அனுப்ப முதல் அக்காவிடம் கொப்பியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புவதானால் பிரஷர் பார்க்கும் மெசின் ஒன்று அனுப்புங்கள். குளிசையை அக்கா பார்த்துக்கொள்வாள்.

அன்புடன்,
மருந்து யன்னலுக்கு உள்ளே நின்ற ஒருவன்
மட்டக்களப்பு